கலப்பின மீனும் படைப்பவன் கடப்பாடும்

மனிதன் விலங்குகளைத் தன் தேவைக்கேற்பத் திருத்தியமைக்கத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. உழவுக்கு எருதும், காவலுக்கு நாயும், பாரஞ் சுமக்கக் கோவேறு கழுதையும் அவன் தெரிந்தெடுத்து வளர்த்ததன் பேறுகளே. பசியும் பாதுகாப்பும் பயணமும் அம்முயற்சிக்குத் தூண்டுதலாய் அமைந்தன. அத்தகைய தேவை எதுவுமின்றிக் கண்ணின் மகிழ்ச்சிக்காக மட்டுமே ஓர் உயிரை உருவாக்குதல் வேறொரு வகையைச் சார்ந்தது. இவ்வகைக்கு அலங்கார மீன் வளர்ப்புத் துறையிலே தோன்றிய ‘பிளட் பரட்’, ‘பிளவர்ஹோர்ன்’ என்னும் இரு கலப்பின மீன்கள் தக்க சான்றுகளாகும். இவற்றின் நிறம், உடலமைப்பு, சுபாவம் ஆகிய மூன்றும் மனிதனின் விருப்பத்தால் வகுக்கப்பட்டவை. ஓர் உயிரின் இம்மூன்றையும் இன்னோர் உயிரின் இரசனைக்காக வகுத்தமைத்தல் அறத்தின்பாற்படுமா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாவாகும்.

இவ்விரு மீன்களும் சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சார்ந்தவை. ஆபிரிக்கப் பேரேரிகளிலும், மத்திய, தென் அமெரிக்க நீர்நிலைகளிலும் செறிந்து வாழும் இக்குடும்பத்தில் 1,600 இற்கும் மேற்பட்ட இனங்கள் விபரிக்கப்பட்டுள்ளன. மடகஸ்கார், தென்னிந்தியா, இலங்கை ஆகிய இடங்களிலும் இதன் கிளைகள் சில வாழ்கின்றன. சிங்களத்திற் கொரளியா என வழங்கும் களப்பு மீன் அத்தகைய ஒன்று. இந்நாட்டுக் குளங்களில் உணவுக்காகப் புகுத்தப்பட்ட திலாப்பியாவும் இதே குடும்பத்தின் ஆபிரிக்க உறுப்பினரே.

இயற்கை நிலையில் நிறமும் வடிவும் சுபாவமும் சிக்லிட் மீனுக்கு என்ன பயனைத் தருகின்றன என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். பிளட் பரட்டின் பெற்றோருள் ஒன்றெனவும், பிளவர்ஹோர்னின் முன்னோருள் ஒன்றெனவும் பொதுவாகக் கருதப்படும் மைடாஸ் மீன் நிக்கராகுவா நாட்டு ஏரிகளுக்குரியது. இதன் குஞ்சுகள் யாவும் கருஞ்சாம்பல் நிறத்தனவாகவே பிறக்கின்றன. வளரும்போது அவற்றுட் சிறுபான்மையானவை மட்டும் கருநிறக் கலங்களை இழந்து பொன்னிறமடைகின்றன. இம்மீனை நீண்ட காலம் ஆராய்ந்த ஜோர்ஜ் பார்லோ என்னும் அமெரிக்க விலங்கியலாளர், பொன்னிற மீன்கள் ஒத்த பருமனுள்ள சாம்பல் நிற மீன்களைப் பூசலில் அடக்கிவிடுவதைக் கண்டார். அந்நிறத்துக்குக் காரணமான பரம்பரையலகு 2022 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் இனங்காணப்பட்டது. நிறம் மீனுக்கு அணிகலனாக அமையவில்லை. அஃது எதிரிக்கும் துணைக்கும் விடுக்கப்படும் செய்தியாகவே அமைந்துள்ளது.

உடலமைப்பும் அத்தகையதே. சிக்லிட் மீன்களுக்கு இருவகைத் தாடைகள் உள்ளன. வாயிலுள்ள தாடை உணவைப் பற்றுகின்றது. தொண்டையிலுள்ள தாடை அதனை அரைக்கின்றது. இவ்வேலைப் பிரிவினையே இக்குடும்பம் பலவகை உணவுகளுக்கு ஏற்பப் பல்கிப் பெருகக் காரணமாயிற்று என விலங்கியலாளர் பலர் கருதுவர். மைடாஸ் ஆண்மீனின் நெற்றியிலே தோன்றும் புடைப்பு, நீர்நிலைகளில் இனப்பெருக்க காலத்தில் எழுந்து பின்னர் தணிந்துவிடுவது. சுபாவத்தைப் பொறுத்தமட்டில், இம்மீன்களின் மூர்க்கம் பெயர்பெற்றது. ஆயின் அதன் மறுபக்கம் பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. தாயும் தந்தையும் இணைந்து இடம்பிடித்து, முட்டையையும் குஞ்சையும் காத்து நிற்கும் மீன்கள் இவை. மூர்க்கம் இங்கே பெற்றோர் கடமையின் கருவியாகும்.

இப்பின்னணியிற் கலப்பினங்களை நோக்குமிடத்து ஒரு முக்கிய மாற்றம் புலனாகின்றது. பிளட் பரட் 1980களின் நடுப்பகுதியிலே தாய்வானில் உருவாக்கப்பட்டது. மைடாஸ் மீனையும் செந்தலைச் சிக்லிட்டையும் கலந்ததன் விளைவு இதுவென்பது பொதுவான கருத்து. உருவாக்கியோர் அதனை வணிக இரகசியமாகவே பேணினர். உருண்ட உடலும் கிளிமூக்கை ஒத்த முகமும் ஒளிவீசும் செம்மஞ்சள் நிறமும் இதற்குச் சந்தையைத் தேடித் தந்தன. ஆனால் அந்த முகம் ஓர் ஊனத்தின் மறுபெயராகும். இம்மீனின் வாய் செவ்வையாக மூடுவதில்லை. உணவைப் பற்ற வாய் உதவாதபோது தொண்டைத் தாடையே அதன் பாரத்தையும் ஏற்க நேர்கின்றது. முள்ளந்தண்டும் நீந்துபையும் திரிந்திருத்தலால் நீந்துவதிலும் தடுமாற்றம் காணப்படுகின்றது. ஆண்மீன்கள் பெரும்பாலும் மலடானவை.

பிளவர்ஹோர்ன் 1990களில் மலேசியாவிலும் தாய்வானிலும் உருவானது. மத்திய அமெரிக்கச் சிக்லிட் இனங்கள் பலவற்றைத் திரும்பத் திரும்பக் கலந்து பெறப்பட்ட இம்மீனுக்குச் சீன மொழி பேசுவோர் ‘லோ ஹான்’ எனப் பெயரிட்டனர். பௌத்த சிற்பங்களிற் புடைத்த நெற்றியுடன் காட்டப்படும் அருகத்தரை நினைவூட்டும் பெயர் அது. நெற்றிப் புடைப்புப் பெருக்கப் பெருக்க விலையும் பெருகிற்று. விலாப்புறத்திலுள்ள கரும்புள்ளிகளிற் சீன எழுத்துக்களையும் அதிர்ஷ்ட இலாபச் சீட்டுக்குரிய எண்களையும் தேடியோர் பலர். 2000 ஆம் ஆண்டை அடுத்த சில காலம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இம்மீன்மீதான மோகம் உச்சத்தை எட்டியது. ஏரியில் ஒரு பருவத்தின் அடையாளமாயிருந்த புடைப்பு இங்கு வாழ்நாள் முழுவதுக்குமான காட்சிப் பொருளாயிற்று. மீனுக்குச் செய்தியாக இருந்தது மனிதனுக்கு அலங்காரமாக மாறியமையே இவ்விரு படைப்புகளுக்கும் பொதுவான இயல்பு எனலாம்.

இம்முயற்சியைக் கண்டிப்போர் பலரும் முதலிற் கையிலெடுக்கும் வாதம், கலப்பு என்பது இயற்கைக்கு மாறானது என்பதாகும். தூய இனங்களைக் கலந்து கெடுத்தல் குற்றமென அவர்கள் கூறுவர். இவ்வாதம் உண்மையாலும் அறத்தாலும் வலுவற்றது. கிழக்கு ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் ஏறத்தாழ 500 சிக்லிட் இனங்கள் மிகக் குறுகிய காலத்திலே தோன்றின. அவ்வாறு பல்கிப் பெருக வழிவகுத்தது, நெடுங்காலத்துக்கு முன் தொலைவான இரு கால்வழிகளுக்கிடையே நிகழ்ந்த கலப்பே என 2017 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இயற்கையே கலக்கின்றது, அக்கலப்பிலிருந்து புதுமையையும் பெறுகின்றது. ஆதலின், கலந்தது என்ற காரணத்தால் மட்டும் ஓர் உயிர் குறைபாடுடையதாகிவிடாது. தூய்மை என்னும் சொல்லை அறத்தின் அளவுகோலாக்கியோர் மனித குலத்துக்கு இழைத்த கேடுகளை வரலாறு அறியும். விலங்குகளைப் பற்றிய வாதத்திலும் அச்சொல்லை விழிப்புடனேயே கையாளுதல் வேண்டும். பிளட் பரட்டின் வழக்கு அதன் பெற்றோர் யாவர் என்பதிலே தங்கியிருக்கவில்லை. அதன் வாய் மூடுமா என்பதிலேதான் தங்கியிருக்கின்றது.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பார் ஒரு வினாவை எழுப்புவர். மூடாத வாயினால் மீனுக்குத் துன்பமுண்டு என எவ்வாறு அறிவது? துன்புறும் ஆற்றலையே அறக்கணிப்பின் எல்லையாக 1789 இல் வெளிவந்த தம் நூலிலே பெந்தாம் வகுத்தார். அவ்வெல்லைக்குள் மீனும் அடங்குமா என்பது நீண்ட காலம் ஐயமாகவே இருந்தது. 2003 இல் லின் ஸ்னெடனும் அவர்தம் சகபாடிகளும் ட்ரவுட் மீனின் தலைப்பகுதியில் ஊறு விளைவிக்கும் தூண்டல்களை உணரும் நரம்பு வாங்கிகள் இருப்பதைக் காட்டினர். அதனை நோவுணர்வு எனக் கொள்ளலாகாது என மறுக்கும் விஞ்ஞானிகளும் உளர். எனினும், 2019 இல் பிரான்சிய ஆய்வாளர் சிலர் மத்திய அமெரிக்கச் சிக்லிட் இனமொன்றைக் கொண்டு நிகழ்த்திய பரிசோதனை இவ்விடத்து நோக்கத்தக்கது. தான் விரும்பிய துணையைப் பிரிந்த பெண்மீன், நன்மையா தீமையா எனத் தெளிவற்ற குறிப்பொன்றைத் தீமையெனக் கொள்ளும் போக்கை அதிகம் காட்டியது. மனச்சோர்வுற்ற மனிதரிடத்தும் காணப்படும் போக்கு இது. மீனின் அகவுலகம் எத்தகையதென இப்பரிசோதனை முற்றாக வெளிப்படுத்திவிடவில்லை. ஆயின் அகவுலகமே இல்லை எனத் துணிந்து கூறுவதற்குத் தடையாக நிற்கின்றது. ஐயம் நிலவுமிடத்தில் அதன் பயனை யாருக்கு அளிப்பது என்பதும் அறவினாவே. ஒருபக்கத்தே அலங்காரமும் மறுபக்கத்தே வாழ்நாள் முழுவதுமான துன்பத்தின் சாத்தியமும் இருக்கையில், ஐயத்தின் பயன் மீனையே சார்தல் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு மேலும் நுண்ணியது. கலப்பு நிகழ்ந்திராவிடின் இந்த மீன் பிறந்தேயிராது. ஊனமற்ற வாழ்வு அதற்கு ஒருபோதும் வாய்க்கக்கூடியதாக இருந்ததில்லை. ஊனமுற்ற வாழ்வு அல்லது வாழ்வின்மை என்பனவே இருந்தன. வாழ்வைப் பெற்ற மீனுக்குத் தீங்கு இழைக்கப்பட்டது என எங்ஙனம் கூறலாம்? டெரெக் பார்பிட் என்னும் மெய்யியலாளர் 1984 இல் வெளியிட்ட நூலில் மனிதப் பிறப்பைக் குறித்து இத்தகைய சிக்கலை விரிவாக ஆராய்ந்தார். குறிப்பிட்ட ஒருவருக்குத் தீங்கு நேராதவிடத்தும் ஒரு செயல் தவறாயிருத்தல் கூடும் என்பது அவ்வாராய்ச்சியால் தெளிவாகின்றது.

இம்மறுப்புக்குரிய விடை பிறப்புக்கு முந்திய நிலையை நோக்கும்போது புலப்படும். பிறவாத மீன் எங்கேனும் காத்திருந்து பிறப்பை வேண்டுவதில்லை. கலப்பைச் செய்யாது விடுவதால் எவ்வுயிரும் எதனையும் இழப்பதில்லை. ஆதலின் ‘உயிர் கொடுத்தேன்’ என்பதைப் படைப்பவன் ஒரு கொடையாகக் கணக்கில் வைத்து, ஊனத்தை அதற்கெதிரே கழித்துக்கொள்ள இயலாது. அவன்முன் இருந்தது, எத்தகைய உயிரை உலகுக்குக் கொணர்வது என்னும் தெரிவு மட்டுமே. மூடும் வாயுடைய மீனையும் அவன் வளர்த்திருக்கலாம். மூடாத வாய் விலைபோகும் என்பதனாலே அதனைத் தெரிந்தான். அவனது தவறு அத்தெரிவின் காரணத்திலேயே உறைகின்றது. அமெரிக்க மெய்யியலாளர் பேர்னாட் ரொலின் இத்துறைக்கு ஓர் எளிய விதியை வகுத்தார். பரம்பரையியல்பு மாற்றப்பட்ட விலங்கு, அதன் பெற்றோரைக் காட்டிலும் தாழ்ந்த நலத்துடன் வாழ நேரலாகாது என்பதே அது. உருவாகும் உயிரை அதன் முன்னோருடன் ஒப்பிடும் இவ்விதி, வாழ்வையும் வாழ்வின்மையையும் ஒப்பிடும் பொறியிலிருந்து சிந்தனையை விடுவிக்கின்றது.

இவ்விதியை நிறம், வடிவம், சுபாவம் என்னும் மூன்றுக்கும் பொருத்திப் பார்க்கலாம். நிறம் பெருமளவுக்குத் தேறிவிடும். பெற்றோரிடமிருந்து வந்த செம்மையோ, உணவிற் சேர்க்கப்படும் நிறப்பொருளால் மிகுந்த செம்மையோ மீனுக்குச் சுமையாவதில்லை. ஆயின் சில பிளட் பரட் மீன்களுக்குச் செயற்கைச் சாயம் ஏற்றப்படுவதும், இதய வடிவம் பெறும்பொருட்டு வாற்செட்டை வெட்டப்படுவதும் கலப்பின் விளைவுகள் அல்ல, வெளிப்படையான கொடுமைகள். அவற்றைக் கண்டிக்க நுண்ணிய விதி தேவையில்லை. வடிவத்தைப் பொறுத்தவரை பிளட் பரட் இவ்விதியில் தேறவில்லை என்பது மேற்கூறியவற்றால் வெளிப்படை.

சுபாவமே மிகக் கடினமான பகுதி. பிளவர்ஹோர்ன் தன் எல்லைக்குள் வரும் எதனையும் தாக்கும். ஏரியிலே தோற்ற மீன் விலகி ஓடும். வென்ற மீன் அமைதியுறும். தொட்டியில் ஓட இடமில்லை. ஆதலால் இம்மீன் பெரும்பாலும் தனித்தே வைக்கப்படுகின்றது. நிறம் செறியவும் நெற்றி புடைக்கவும் வேண்டி வளர்ப்போர் சிலர் அதன்முன் கண்ணாடியை வைப்பதுண்டு. கண்ணாடியிலுள்ள எதிரி பின்வாங்குவதுமில்லை, வெல்வதுமில்லை. முடிவற்ற அப்போரே உடைமையாளனுக்கு வேடிக்கையாகின்றது. பிளட் பரட்டின் நிலை இதற்கு மறுதலை. அதுவும் துணை தேடுகின்றது. கல்லைத் துப்புரவு செய்து முட்டையிடுகின்றது. இரு மீன்களும் காவல் நிற்கின்றன. தந்தை மலடாதலால் அம்முட்டைகள் பெரும்பாலும் வெளுத்துப் பூஞ்சணம் படர்ந்து அழிகின்றன. பேணும் உந்துதல் எஞ்சியிருக்கப் பேணப்படும் பொருள் மட்டும் அகற்றப்பட்டுவிட்டது. உடலை மாற்றியவர்கள் உந்துதலை மாற்றவில்லை, மாற்ற எண்ணவுமில்லை.

அவ்வாறாயின் உந்துதலையும் மாற்றிவிட்டால் என்ன என்னும் வினா எழும். தொட்டியில் மனநிறைவு கொள்ளும், துணையை நாடாத, பகையறியாத மீனை உருவாக்கினால் குறை தீர்ந்துவிடுமல்லவா? துன்பம் குறையுமாயின் விலங்கின் இயல்பை மாற்றுவதில் உள்ளார்ந்த தவறு இல்லை என்றே ரொலின் கருதினார். துன்பத்தை மட்டும் கணிக்குமிடத்து அவர் கூற்றை மறுத்தல் எளிதன்று. எனினும் அதனை ஏற்குமுன் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். கூண்டு சிறிதாயிருப்பதைக் கண்டவன் கூண்டைப் பெருக்கலாம். அன்றி உள்ளிருப்பதன் வேட்கையைச் சிறுக்கச் செய்யலாம். முதலாவதிற் படைப்பவன் தன்னை மாற்றிக்கொள்கின்றான். இரண்டாவதில், தன் செயலுக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே உயிரின் வாயையும் அடைத்துவிடுகின்றான். அமைதியான மீன் அப்போது நலத்தின் சான்றாகாது. துன்பம் எழவியலாதவாறு ஆக்கப்பட்ட உயிரிடமிருந்து பெறும் சம்மதம், கேட்பவனே எழுதிக்கொண்ட சம்மதமாகும். துன்பமின்மை அறத்துக்கு இன்றியமையாதது. ஆயின் அதுவே போதுமானதென இதனாற் கொள்ள முடியாதுள்ளது.

மீன் வளர்ப்போர் தம் மீன்களை நேசிப்பவர்கள் என்பதும் இங்கு மறுப்பாகக் கூறப்படலாம். வேளைக்கு உணவும் தூய நீரும் நோய்க்கு மருந்தும் அவர்கள் அளிக்கின்றனர். ஏரியில் வாழும் குஞ்சுகளிற் பெரும்பாலானவைக்கு இந்நலன்கள் வாய்ப்பதில்லை. அந்நேசம் பொய்யன்று. ஆனால் தமிழ் மரபு அன்பையும் அருளையும் வேறுபடுத்திக் கண்டுள்ளது. திருக்குறள் இவ்விரண்டுக்கும் தனித்தனி அதிகாரங்களை வகுத்தது. தொடர்பு பற்றாது எல்லா உயிர்கள்மேலும் இயல்பாகச் செல்லும் கருணையே அருளெனப் பரிமேலழகர் விளக்கினார். தன் தொட்டியிலுள்ள மீனின்மேற் செல்வது அன்பு. இன்னும் பிறவாத, எவருக்கும் உரிமையாகாத மீனின்மேற் செல்ல வேண்டியது அருள். படைப்பவனிடம் வேண்டப்படுவது இவ்விரண்டாவதே. உடைமையாளனின் அன்பு எத்துணை பெரிதாயினும் அதன் இடத்தை நிரப்பாது.

படைப்பவனின் கடப்பாடு விற்பனையோடு முடிவதுமில்லை. மோகம் தணிந்தபோது பிளவர்ஹோர்ன் மீன்கள் பல தொட்டிகளிலிருந்து ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்பட்டன. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள மத்தானோ ஏரி 590 மீற்றர் அளவுக்கு ஆழமுடையது. வேறெங்கும் காணப்படாத மீனினங்களுக்குப் பெயர்பெற்றது. அவ்வேரியிற் பிளவர்ஹோர்ன் புகுந்துள்ளமை 2012 இல் வெளியான ஆய்வொன்றிற் பதிவாயிற்று. காப்பதற்கெனத் தோன்றிப் பின்னர் காட்சிக்கெனப் பெருக்கப்பட்ட மூர்க்கம், அதனை எதிர்கொண்டு பழகியிராத சிறுமீன்களுக்கு அங்கே அச்சுறுத்தலாயுள்ளது. இப்பழியை மீன்மேற் சுமத்துதல் தகாது. அது தன்னை உருவாக்கவுமில்லை. தானே அவ்வேரிக்குச் செல்லவுமில்லை.

இதுகாறும் கூறியவற்றால், கலப்பு என்பதிலே குற்றமில்லை என்பதும், உருவாகும் உயிர் தன் முன்னோரினும் தாழ்ந்த நலத்துடன் வாழுமாறு அறிந்தே செய்வதில் குற்றமுண்டு என்பதும் பெறப்படும். இம்முடிவு ஏற்கெனவே வாழும் கலப்பின மீன்களை வெறுக்கவோ ஒழிக்கவோ இடந்தராது. பிழை அவற்றின் பிறப்புக்குக் காரணமான தெரிவிலுள்ளதேயன்றி அவற்றிடம் இல்லை. மூடாத வாயுடைய மீனுக்கு அது விழுங்கத்தக்க உணவும், அதன் தடுமாற்றத்துக்கு ஏற்ற இடமும், அதனை வருத்தாத துணையும் அளித்தல் அதனை வைத்திருப்போர் கடனாகும். ஆயின் அத்தகைய மீன்கள் மேலும் பிறப்பது விற்பவனால் மட்டும் நிகழ்வதில்லை. வாங்குபவனின் பணமே அடுத்த கலப்புக்குக் கட்டளையாகின்றது. மீன்தொட்டியின்முன் நின்று நிறத்தை வியக்கும் கண், அந்நிறத்தைத் தாங்கும் உடலால் வாயை மூட முடிகின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். அழகை நுகர்வோரும் படைப்பவனின் கடப்பாட்டிற் பங்குடையவரே.